ஆளில்லாத மாடியில் நின்ற லிப்ட்

லிப்ட் மெக்கானிக் வந்திருக்கிறேன் என்று சொன்னால், கதவைத் திறப்பவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். நான்தான் மெக்கானிக். கம்பெனிக் கிடங்கின் கவுண்டரில் பதினோரு வருஷம் நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்தவள். "ஏம்மா, நாலு வாஷர்" என்று ஒரு கை உள்ளே நீளும். வாங்கிக்கொண்டு போய்விடும். அந்தக் கைக்கு முகம் எப்படி இருக்கும் என்றுகூடப் பல பேர் விஷயத்தில் எனக்குத் தெரியாது. நாற்பத்து மூன்று வயதில் பரீட்சை எழுதி, இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாவது முறை தேறி வெளியே வந்தேன். ஆகையால் "மறுபடியும் கிடங்குக்குப் போறீங்களா?" என்று யாராவது விளையாட்டுக்குக் கேட்டாலும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

எங்கள் மேனேஜர் அதை விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடம்தான் உங்களோட முதல் வேலை. ஒரே வாரத்துல நாப்பத்தியொரு புகார். என்னம்மா பண்றீங்க அங்க?" என்றார். அவரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்ச் என்போம். எதையும் விநாடி கணக்கில்தான் பேசுவார்.

"நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன் சார். மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல."

"அப்ப யாரு குத்தம்? வெள்ளிக்கிழமை காலையில ஏழரைக்கு நானே வரேன். எட்டரை வரைக்கும் நிப்பேன். புதன்கிழமையிலேருந்து அதுவரைக்கும் புகார் அஞ்சுக்கு மேல இருக்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்துல வீண் நிறுத்தம் பத்துக்கு மேல போகக் கூடாது. போச்சுன்னா வேற ஆள அனுப்பறேன். உங்களுக்குக் கிடங்கு இருக்கவே இருக்கு."

வீண் நிறுத்தம் என்பது கம்பெனி பாஷை. லிப்ட் ஒரு மாடியில் நின்று, கதவு திறந்து, எட்டு விநாடிக்குள் யாரும் ஏறாவிட்டால் அது ஒரு வீண் நிறுத்தம். லிப்டின் கம்ப்யூட்டரே எண்ணி வைத்துக்கொள்ளும்.

அன்று திங்கட்கிழமை. எனக்கு இருந்தது நாலு நாள்.

லிப்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்தில் முன்பு இருந்தவை, மேலே கீழே என்று இரண்டு பொத்தான் வைத்த பழைய பெட்டிகள். நாங்கள் மாட்டியவை புதுசு. ஏ, பி, சி என்று மூன்று. உள்ளே பொத்தானே கிடையாது. வெளியே சுவரில் ஒரு பேனல். அதில் போகவேண்டிய மாடியின் எண்ணை அழுத்தினால் 'பி' என்று காட்டும். பி லிப்ட் வரும், ஏறினால் கொண்டுபோய் விடும். ஒரே பக்கம் போகிறவர்களையெல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் போடும் கெட்டிக்கார மெஷின். நாங்கள் சோதனை செய்தபோது அவ்வளவு அழகாக ஓடியது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

குடியிருப்பவர்கள் ஏற ஆரம்பித்ததும் அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலை ஏழரை மணி ஆனால் போதும், ஆளில்லாத மாடியில் போய்க் கதவைத் திறந்துகொண்டு பேய் முழி முழிக்கும். உள்ளே இரண்டே பேர் இருக்கையில் 'நிரம்பியது' என்று எழுதிக்கொண்டு, காத்திருக்கும் ஆறு பேரைத் தாண்டிப் போய்விடும். எட்டு பேர் ஏறக்கூடிய பெட்டி! கதவு சென்சாரை மாற்றினேன். எடை பார்க்கும் தகட்டைக் கழற்றி மாட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினேன். ஒரு மாற்றமும் இல்லை.

வீட்டுக்குப் போனால் அங்கே மகள் ஒரு பக்கம். கல்லூரியில் முதல் வருஷம்.

"அம்மா, தொழில்நுட்பம், சமூகம், பண்பாடு மூணுக்கும் வரையறை எழுதி, ஒண்ணுக்கொண்ணு என்ன உறவுன்னு விளக்கணும். பத்து மார்க். நீதான் தொழில்நுட்பத்துல இருக்கியே, சொல்லேன்."

"ஒரு உறவும் இல்ல. மூணும் சேந்து என் உயிர வாங்குது. அப்படியே எழுதிக்கோ."

"ஏன் இப்படி எரிஞ்சு விழற? கேட்டது ஒரு குத்தமா?" என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குழந்தையிடம் போய்க் காட்டினேனே என்று எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு நாலாம் மாடி நடையில் உட்கார்ந்தேன். இருப்பதிலேயே நாலாம் மாடியிலிருந்துதான் அதிகப் புகார். மெஷினைப் பார்த்தது போதும், மனுஷர்களைப் பார்ப்போம் என்று கையில் நோட்டோடு இருந்தேன்.

ஏழு முப்பத்தைந்துக்கு 401 கதவு திறந்தது. டெய்லர் அக்கா வந்தார். வீட்டிலேயே தைக்கிறவர், கழுத்தில் அளவு நாடா தொங்கும். தைத்த துணிகளைக் கடையில் கொடுக்கக் கிளம்பியிருந்தார். பேனலில் கீழ்த்தளம் என்று ஒரு முறை அழுத்தினார். சரி. அப்புறம் 403-இன் கதவைப் பார்த்து, "கிளம்பிட்டியாடி?" என்று குரல் கொடுத்தார்.

"வந்துட்டேன்க்கா! இவன் ஒரு காலுக்குத்தான் ஷூ போட விடறான்!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அங்கே இருப்பது ஒரு நர்ஸ்; கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு எட்டேகாலுக்கு ட்யூட்டியில் இருக்க வேண்டும்.

டெய்லர் அக்கா அவளுக்காக இன்னொரு முறை அழுத்தினார். எதிர் வீட்டுக் கணவன் மனைவிக்காக இரண்டு முறை. "406-ல அந்த பேங்க்காரர் டை கட்டிட்டிருப்பாரு" என்று சொல்லிக்கொண்டே அவருக்கும் ஒன்று. லிப்ட் வந்தது, ஏறினார், போய்விட்டார். அடுத்து பேங்க்காரர் வந்தார். தனக்கு ஒன்று, நர்சுக்கு ஒன்று அழுத்தினார். அப்புறம் நர்சே வந்தாள். இடுப்பில் குழந்தை, வாயில் சாவிக்கொத்து. முழங்கையால் தனக்கு ஒன்று அழுத்தினாள். பிறகு எதிர் வீட்டுக்காரர்களுக்கு இரண்டு. கடைசியில் அந்தக் கணவன் மனைவி வந்து ஆளுக்கு ஒன்று அழுத்தி, நர்ஸ் போய்விட்டது தெரியாமல் அவளுக்கும் ஒன்று அழுத்தினார்கள்.

நான் நோட்டில் கோடு போட்டுப் போட்டு எண்ணினேன். நாலாம் மாடியிலிருந்து இறங்கியவர்கள் ஐந்து பேர். மெஷின் எண்ணியது பதின்மூன்று பேர்.

அடப்பாவிகளா! ஸ்டூலை விட்டு எழுந்தே விட்டேன்.

பழைய லிப்டில் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றுதான். விளக்கு ஏற்கனவே எரியும், அவ்வளவே. ஆமை வேகத்தில் வரும் லிப்ட் என்பதால், முதலில் கிளம்புகிறவர் பின்னால் வருகிறவருக்கும் சேர்த்து அழுத்திவிட்டுப் போவது இந்தக் கட்டடத்தில் வழக்கமாகிவிட்டது. பன்னிரண்டு மாடியிலும் அதே கதைதான். புது மெஷினுக்கோ ஒரு அழுத்தல் என்றால் ஒரு ஆள். இல்லாத எட்டு பேருக்கு அது இடம் பிடித்து வைத்துக்கொண்டு, 'நிரம்பியது' என்று எழுதிக்கொண்டு, இருக்கிறவர்களை விட்டுவிட்டு ஓடியிருக்கிறது.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மதியமே எல்லா மாடியிலும் நோட்டீஸ் ஒட்டினேன்: 'அவரவர் அவரவருக்கு மட்டும் ஒரே ஒரு முறை அழுத்தவும். பிறருக்காக அழுத்துவது லிப்டின் செயல்பாட்டைக் கெடுக்கும்.' கொட்டை எழுத்தில், சிவப்பில்.

புதன்கிழமை காலை லிப்ட் தேர் மாதிரி ஓடியது. 'நிரம்பியது' என்றால் உண்மையிலேயே நிரம்பியிருந்தது. வீண் நிறுத்தம் மூன்றே மூன்று. எனக்கு வாயெல்லாம் பல். மத்தியானம் கீழே புகார்ப் பெட்டியைத் திறந்தால் பத்தொன்பது சீட்டு.

முதல் சீட்டு: 'டெய்லரம்மா எனக்கு அழுத்தாமலே போய்விட்டார். ஆறு வருடப் பழக்கம். நான் என்ன தப்பு செய்தேன்?' இரண்டாவது: 'ஒன்பதாம் மாடிக்காரர் நான் ஓடி வருவதைப் பார்த்தும், நோட்டீஸைக் காட்டிவிட்டு இறங்கிவிட்டார்.' மூன்றாவது, நர்ஸ் எழுதியது: 'நேற்று வரை லேட்டானால் லிப்டைத் திட்டினேன். இன்று யாரைத் திட்டுவது?'

பத்தொன்பதில் ஒன்றுகூட மெஷினைப் பற்றி இல்லை. ஆனாலும் பத்தொன்பது பத்தொன்பதுதானே! ஸ்டாப்வாட்ச் சொன்னது ஐந்து.

டெய்லர் அக்காவிடம் போனேன். சமாதானமாகப் பேசத்தான் போனேன், வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"நீங்க சும்மா இருக்கறதுக்கு என்னக்கா? அவங்கவங்க வந்து அழுத்திக்க மாட்டாங்களா?"

தையல் மெஷினை நிறுத்தினார். "ஏம்மா மெக்கானிக், கைக்குழந்தையோட அந்தப் பொண்ணு தனியா இருக்கா. அவளுக்கு என்னால துணிமணி எடுத்துத் தர முடியுமா, புள்ளையத்தான் நாள் பூரா பாத்துக்க முடியுமா? போற போக்குல ஒரு பொத்தான அமுக்குறேன். அதையும் நீ நோட்டீஸ் ஒட்டி நிறுத்திட்ட. ஆறு வருஷம் பழகின எங்கள ஒரு நாள்ல சண்டைக்காரங்களா ஆக்கிட்டு, லிப்ட் நல்லா ஓடுதுன்னு வேற சொல்ற."

"சட்டம் போட்டது நான் இல்லக்கா, மெஷின் அப்படித்தான் எண்ணும்."

"அப்ப அதுக்கு எண்ணச் சொல்லிக் குடு. அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

திரும்பி வரும்போது உடம்பெல்லாம் எரிந்தது. யார் வீட்டுக்கு யார் பொத்தான் அழுத்தினால் எனக்கென்ன என்று முணுமுணுத்துக்கொண்டே மொட்டை மாடியிலிருக்கும் லிப்ட் மோட்டார் அறைக்கு ஏறினேன். ஏறும்போதே தெரிந்துவிட்டது, அந்த அம்மா சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் அவ்வளவு எரிச்சல்.

மெஷினோடு வந்த புத்தகத்தைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து படித்தேன். யாரும் படிக்காத பின்பக்கங்களில், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ஒரு செட்டிங் இருந்தது. பெரிய ஆபீஸ்களுக்காகப் போட்டது: ஊழியர் தன் எண்ணை அழுத்தினால், அவர் எந்த மாடிக்குப் போவார் என்று மெஷினே தெரிந்துகொள்ளும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் அதே ஆள்தான் என்று விட்டுவிடும்.

ஊழியர் எண்ணுக்குப் பதிலாக வீட்டுக் கதவு எண்ணைப் போட்டால்? மாடியில் அழுத்தினால் கீழ்த்தளத்துக்கு, கீழே அழுத்தினால் அந்த வீட்டு மாடிக்கு.

403 என்று டெய்லர் அக்கா அழுத்தட்டும், பேங்க்காரர் அழுத்தட்டும், நர்சே வந்து முழங்கையால் அழுத்தட்டும். மெஷினுக்கு அது ஒரே நர்ஸ். இரண்டு பேர் கிளம்பினால் கூடவே இரண்டு என்று சேர்த்துக்கொள்ளலாம். ஷூ போடும் நேரத்துக்காகக் கதவு இருபத்தைந்து விநாடி திறந்து நிற்கும்படி வைத்தேன். எழுபத்திரண்டு வீடு, எழுபத்திரண்டு எண். கடைசியில் மோட்டார் அறைக்கும் 1301 என்று ஒன்று போட்டுச் சோதித்துப் பார்த்தேன். ஓடியது.

அன்று சாயங்காலம் மகளைக் கூப்பிட்டேன். "எழுதிக்கோ. லிப்டு தொழில்நுட்பம். அதுல போற வீட்டுக்காரங்க சமூகம். பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேத்து அழுத்தறாங்களே, அது பண்பாடு. மெஷினச் செஞ்சவனுக்கு இந்த மூணாவது தெரியாது, அதான் லிப்டு நாறிப் போச்சு."

"இத எழுதினா எனக்கு முட்டைதான் போடுவாங்க" என்றாள். ஆனால் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சிவப்பு நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டு, எல்லா எண்களையும் எழுதிய தாளை ஒட்டினேன். கீழே 'பக்கத்து வீட்டுக்கும் அழுத்தலாம்' என்று எழுதினேன். டெய்லர் அக்கா வந்து படித்தார். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல?" என்றார். பாராட்டு என்றால் அந்த அம்மாவிடமிருந்து அவ்வளவுதான் வரும். அன்றைக்குப் பெட்டியில் ஒரு சீட்டுகூட விழவில்லை. ஆனால் அந்தப் பத்தொன்பது?

நான் கேட்கவேயில்லை, டெய்லர் அக்காவே வீடு வீடாகப் போய்ப் புதன்கிழமைச் சீட்டு எழுதியவர்களைப் பிடித்து, "லிப்டப் பத்திப் புகார் இல்ல, எங்களுக்குள்ள வருத்தம், தீந்துபோச்சு" என்று எழுதி வாங்கி வந்துவிட்டார். பதினாறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மிச்சம் மூன்று பேர் வெளியூரில். மூன்று என்றால் சரி, ஐந்துக்குள்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு இருபத்தொன்பதுக்கு ஸ்டாப்வாட்ச் வந்தார். சீட்டுகளைப் பார்த்தார், தலையாட்டினார். நாலாம் மாடியில் நின்றார். சி லிப்ட் வந்து கதவைத் திறந்தது. ஆளில்லை. அவர் உதடு அசைந்தது: ஆறு, ஏழு, எட்டு. தன் டேப்லெட்டைக் காட்டினார். வீண் நிறுத்தம், ஒன்று. அப்போதுதான் நர்ஸ் ஒற்றை ஷூவும் குழந்தையுமாக ஓடி வந்து ஏறினாள்.

"அவங்க ஏறிட்டாங்களே சார்!"

"பதினோராவது விநாடியில."

புகாரை ஒழிப்பதிலேயே குறியாக இருந்ததில் இதை யோசிக்காமல் விட்டுவிட்டேன். மனுஷர்கள் ஒருவருக்கொருவர் லிப்டை நிறுத்தி வைத்தால் அது எட்டு விநாடியில் முடியுமா? அடுத்தடுத்து ஏறிக்கொண்டே போனது எண்ணிக்கை. எட்டு மணி பத்துக்கு ஏழு நிறுத்தம். மோட்டார் அறையைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். லிப்டில் பன்னிரண்டாம் மாடிக்குப் போய், அங்கிருந்து படியேறினோம். அந்த மாடியில் குடியிருக்கும் கிடார் வாத்தியார் ஒருவர் வாசலில் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

எட்டு இருபத்து நாலுக்கு ஒன்பது. எட்டு இருபத்தாறுக்குப் பத்து.

"இன்னும் நாலு நிமிஷம். ஒண்ணு கூடுச்சுன்னா முடிஞ்சுது. என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றார். குரலில் கெட்ட எண்ணம் இல்லை. ஜன்னலில்லாத அந்தக் கவுண்டரும், உள்ளே நீளும் கைகளும் கண் முன்னால் வந்து நின்றன. ஒவ்வொரு வீட்டு வாசலையும் மனத்துக்குள் பார்த்து, 'தாயே, சீக்கிரம் ஏறித் தொலைங்க' என்று கெஞ்சிக்கொண்டே மோட்டார் அறையைப் பூட்டினேன். இரண்டு நிமிஷம் போனது. எண் பத்திலேயே நின்றது.

கீழேயிருந்து கிடார் வாத்தியாரின் கணீர்க் குரல் வந்தது: "மெக்கானிக்கம்மா! உங்க ரெண்டு பேருக்கும் 1301 அழுத்திட்டேன்! லிப்ட் வந்துடுச்சு, வாங்க! நான் அடுத்ததுல போய்க்கறேன்!"

"ஐயோ, படுபாவி மனுஷா!"

அதைச் சத்தமாகவே கத்திவிட்டேன். மேனேஜர் மூச்சுவிடுவதற்குள் ஓடினேன். இருபத்திரண்டு படி. டூல் பை ஒரு பக்கம் இழுக்க, செருப்பு ஒன்று நடுப்படியில் கழன்றுகொள்ள, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே பாய்ந்தேன். நடையில் திரும்பும்போது ஒன்பது. பி லிப்ட் கதவைத் திறந்துகொண்டு எனக்காக நின்றது; பக்கத்தில் ஏ லிப்ட் கிடார் வாத்தியாரை ஏற்றிக்கொண்டு மூடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக இறங்கி வந்தார். டேப்லெட்டைப் பார்த்தார். "பதினொண்ணு" என்றார்.

இருவரும் ஏறினோம். கதவு மூடியது. மூன்றாம் மாடி தாண்டும்போது, "இந்தப் பதினொண்ணாவது யாருக்காக நின்னுது?" என்று கேட்டார்.

"நமக்காகத்தான் சார்."

கீழே கதவு திறந்தது. எங்களுக்கு முன்பே ஏ லிப்டில் இறங்கியிருந்த கிடார் வாத்தியார் ஒரு சிரிப்போடு நின்றிருந்தார். "சரியா வந்துச்சாம்மா? தினமும் எல்லாருக்கும் அழுத்தறோம், மேல கிடந்து வேல செய்யற உங்கள மட்டும் எப்படி விடறது?"

அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்து என் பதினோரு வருஷத்தில் யாரும் எனக்காக எதையும் முன்கூட்டி எடுத்து வைத்ததில்லை. வேலை போகப்போகிற நேரத்திலா இந்தச் சந்தோஷம் வர வேண்டும் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. "வந்துச்சு சார். ரொம்ப நன்றி" என்றேன். கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை.

மேனேஜர் அங்கேயே நின்று, தன் சோதனைத் தாளை எடுத்துச் சுவரில் வைத்துக்கொண்டார். "பதினொண்ண நான் மாத்த மாட்டேன். கணக்குன்னா கணக்குதான்" என்றார்.

"தெரியும் சார்."

"ஆனா அந்த எட்டு விநாடி இருக்கு பாருங்க, அது நான் போட்டது. ஆபீஸ்ல லிப்டு முன்னாடி ஷூ மாட்டி ரெடியா, கைய வீசிக்கிட்டு, நான் ஒருத்தனே நின்னு அளந்தது." பேனா மூடியைக் கழற்றினார். "எனக்கு யாரும் லிப்ட நிறுத்தி வச்சதில்லம்மா. இன்னைக்குத்தான்."

தாளில் எட்டு என்று இருந்ததை அடித்துவிட்டு, இருபத்தைந்து என்று எழுதினார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். டேப்லெட்டிலும் மாற்றிவிட்டுக் காத்திருந்தார். அது பழைய கணக்கை எல்லாம் மறுபடி எண்ணிவிட்டுச் சொன்னது: வீண் நிறுத்தம், ஒன்று.

"அந்த ஒண்ணு யாரு?" என்று கேட்டார்.

எண்ணைப் பார்த்தேன். 406. "பேங்க்காரர் சார். டை கட்ட நேரமாயிருக்கும்."

ஸ்டாப்வாட்ச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. அன்றைக்குச் சிரித்தார். அப்புறம்தான் தன் கையில் இன்னும் என் செருப்பு இருப்பதைக் கவனித்தார். அசடு வழிய அதை என் காலடியில் வைத்துவிட்டு, "திங்கக்கிழமை அடுத்த கட்டடம். இருபது மாடி. முதல்ல ஸ்டூலப் போட்டு உக்காந்து அவங்களப் பாருங்க, மெஷின அப்புறம் தொடலாம்" என்றார்.

"சரி சார்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் நின்று, ஒரு பாட்டம் நன்றாக அழுதுவிட்டு வீட்டுக்குப் போன் பண்ணினேன்.